மூன்றே மூன்று படிதான்!

“படியா? அதெல்லாம் கிடையாது சார்! மூன்றே மூன்று படிதான்!”

சென்னை அண்ணா சாலைப் பக்கத்து ஓட்டல் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசியபோது நமக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேலி செய்யவுமில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கண்ணுக்கு மூன்று படி படியாகவே தெரியவில்லை. இரண்டு காலும் நலமாக உள்ள எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. நமக்கும் சில நாட்களுக்கு முன்புவரை தெரிந்ததில்லை. தெரியவைத்தவர் ஒரு தோழர். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

தோழர் வண்ணாரப்பேட்டைக்காரர். முப்பது ஆண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தவர். சங்கத்தின் மூத்த உறுப்பினர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் பூச்சு வேலையில் இருந்தபோது சாரம் சரிந்தது. மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்று முதல் சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “என் பேர் எதுக்குத் தோழர்? படியைப் பத்தி எழுதுங்க, போதும்” என்பது அவர் கட்டளை.

இந்தத் தோழருக்கு நாடகம் என்றால் உயிர். வாலிப வயதில் மாநாட்டுப் பந்தல்களில் நாடகம் நடக்கும்போது திரை கட்டியவர். ஆள் வராத ஒரு நாளில் காவலாளி வேடம் போட்டு, பேச வேண்டிய இரண்டே வரியையும் மறந்துபோய் நின்று, கைத்தட்டல் வாங்கியவர்! நல்ல நாடகம் ஒன்று நகரத்து அரங்கில் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவரையும் அழைத்துப் போக முடிவு செய்தோம். ஆறரை மணிக்கு நாடகம். ஒன்பது மணிக்கு முடிவு. பிறகு அருகில் எங்காவது உட்கார்ந்து ஆளுக்கொரு தோசை, ஒரு காப்பி, ஒரு மணி நேரப் பேச்சு. நாடகம் பார்ப்பது பாதி. பார்த்ததைப் பேசித் தீர்ப்பது மீதி என்பது ரசிகர்கள் அறிந்த உண்மை.

அரங்குக்குப் போய்ச் சேர்வதில் தொல்லை இருக்கவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியாகச் செல்லும் மெட்ரோ ரயில் 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. நிலையத்துக்கு நிலையம் மின்தூக்கி உண்டு. ரயிலின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். தோழர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினார், தாமே இறங்கினார். அந்தப் பத்து நிமிடப் பயணத்தில் அவர் முகத்தில் இருந்த நிமிர்வை நாம் பார்த்தோம். அரங்கத்திலும் சாய்தளம் இருந்தது. நாடகமும் நன்றாகவே இருந்தது.

வில்லங்கம் எங்கே வந்தது? வயிற்றுப் பசியில் வந்தது!

நான்கு வாசல், நான்கு பதில்

முதல் ஓட்டல்: தொலைபேசியில் “மூன்றே மூன்று படி” என்ற அதே ஓட்டல். வாசலில் நின்றதும் கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே குரல் கொடுத்தார். சர்வர் இருவர், மேசை துடைக்கும் பிள்ளைகள் இருவர், ஓடிவந்தார்கள். “தூக்கிடலாம் சார், ஒரு நிமிஷ வேலை” என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பாட்டாளிகள் அவர்கள். அவர்கள் மனத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நம் தோழர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

“வேணாம் தம்பி. நீங்க நல்ல மனசோட கூப்பிடறீங்க. ஆனா நான் மூட்டை இல்லை.”

நாம் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தோம். அப்போதுதான் விவரம் சொன்னார். நாற்காலியின் கைப்பிடி கழன்று வரும்படி அமைந்தது. தெரியாதவர்கள் அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். கைப்பிடி அவர்கள் கையோடு வரும். ஆள் தரையோடு போவார். ஒருமுறை அப்படி விழுந்தும் இருக்கிறார். அதோடு, தூக்கி உள்ளே வைத்தவர்கள் திரும்பத் தூக்கி வெளியே வைக்கும் வரை அவர் அங்கே கைதிதான். நினைத்தபோது எழுந்து போக முடியாத இடத்தில் சாப்பிடும் சோறு யாருக்கு இறங்கும்?

இரண்டாம் ஓட்டல்: இங்கே சாய்தளம் இருந்தது. மகிழ்ந்தோம். அருகில் போனால் அதன்மேல் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவற்றை நகர்த்தச் சொல்லி நகர்த்திய பிறகு தோழர் அந்தச் சாய்தளத்தை ஒரு கொத்தனாரின் கண்ணால் பார்த்தார். சிரித்தார். “தோழர், உசரம் இரண்டடி. நீளம் அஞ்சடி. இது சாய்தளமில்லை, சறுக்குமரம்.”

கணக்கையும் அவரே சொன்னார். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடிப் படி ஒன்று என்றால் ஆறு அடிச் சாய்தளம். இரண்டடி உயரத்துக்கு இருபத்து நான்கு அடி. இடையில் மூச்சு வாங்க ஒரு சமதளம். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். இங்கேயோ வழவழவென்று மெருகிட்ட கல்! சட்டத்துக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள், மனிதனுக்காகக் கட்டவில்லை.

நம் தயக்கத்தைக் கண்ட மேற்பார்வையாளர் ஒரு வழி சொன்னார். “பின்பக்கமா வாங்க சார். கேஸ் சிலிண்டர் ஏத்துற வழி இருக்கு. சமையல்கட்டு வழியா உள்ள வந்துடலாம்.”

கேட்டீர்களா தோழர்களே! சிலிண்டருக்கு வழி உண்டு. அரிசி மூட்டைக்கு வழி உண்டு. பணம் கொடுத்துச் சாப்பிட வந்த மனிதனுக்கு வழி இல்லை! அதே கொத்தனார், அதே சிமெண்டு, அதே முதலாளி. பின்வாசலில் சமதளம் போடத் தெரிந்த கைகளுக்கு முன்வாசலில் போடத் தெரியாதா? தெரியும். மூட்டை ஏறாவிட்டால் அன்றைக்கே நட்டம். மனிதன் ஏறாவிட்டால் அது கணக்கிலேயே வருவதில்லை!

மூன்றாம் ஓட்டல்: குளிர்சாதன வசதி, தரைமட்ட வாசல், ஒரு படிகூட இல்லை. உள்ளேயும் போய்விட்டோம். ஆனால் மேசைகள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டவை; இருபுறமும் நகர்த்த முடியாத மெத்தை இருக்கைகள். நாற்காலியோடு வந்தவர் எங்கே உட்காருவது? நடைபாதையில்! சர்வர்கள் கையில் சாம்பார் வாளியோடு விரைந்து போகும் அதே இடத்தில்! அந்த வாளி தவறி அவர் தொடைமேல் கவிழ்ந்தால் என்ன ஆகும்? அவருக்குச் சுடாது. சுடவில்லை என்பதால் துடைக்கவும் தோன்றாது. தோல் வெந்து புண்ணான பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். இதையும் அவரே சொன்னார், ஊர்ச் செய்தி சொல்வதுபோல.

“சரி, ஒரு காப்பியாவது குடிப்போம்” என்றோம். தலையை ஆட்டினார். “காலையில பதினோரு மணிக்குக் கடைசியாத் தண்ணி குடிச்சேன் தோழர். வெளியே கிளம்புற அன்னிக்குக் குடிக்கறதில்லை.”

ஏன்? அந்த ஓட்டலின் கழிப்பறை ஒன்பது படி ஏறினால் இருக்கிறது. அதன் கதவின் அகலம் இரண்டடி. நாற்காலியின் அகலம் அதைவிட அதிகம்! முதுகெலும்பு முறிந்தவர்கள் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் வரும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒரு நாடகம் பார்க்க அந்தத் தோழர் கொடுத்த விலை நுழைவுச் சீட்டின் விலை அல்ல; பத்து மணி நேரத் தாகம்! அது தெரியாமல் அரங்கத்தில் இடைவேளையின்போது அவருக்கு நாம் சோடா வாங்கி நீட்டினோம். “இப்ப வேணாம்” என்று புன்னகையோடு மறுத்தார். நாம் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்காவது இடம்: தெருவோரத் தள்ளுவண்டிக் கடை. படி இல்லை, கதவு இல்லை, மேசையும் இல்லை. கடைக்கார அம்மாள் ஒரு முக்காலியை இழுத்துத் தோழர் எதிரில் போட்டார். அதன்மேல் தட்டை வைத்தார். “சட்னி போதுமாண்ணா?” என்று கேட்டார். அவ்வளவுதான். எந்தச் சட்டமும் படிக்காத அந்த ஏழைப் பெண்மணி ஒரு நொடியில் செய்த ஏற்பாட்டை, லட்சம் லட்சமாகக் கொட்டி அலங்கரித்த மாளிகைகள் செய்யவில்லை! ஆனால் முதுகுக்குப் பின்னால் பேருந்து உறுமுகிறது. கண்ணில் புழுதி விழுகிறது. நாடகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவசரமாகச் சாப்பிட்டோம், அவசரமாகத் திரும்பினோம்.

படி எப்படி வளர்ந்தது?

ஓட்டல் முதலாளிகள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மையாகாது. திரும்பும் வழியில் தோழர் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். அவர் கட்டியவர், அவருக்குத் தெரியும்.

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது. சாலை உயர்ந்தால் மழைத் தண்ணீர் கடைக்குள் புகுகிறது. தண்ணீருக்குப் பயந்து கடைக்காரர் தரையை உயர்த்துகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைக்காரர்களுக்கு அந்தப் பயம் இருக்காதா? ஒரு படி இருந்த இடத்தில் மூன்று படி முளைத்த கதை இதுதான். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் உத்தரவே பிறப்பித்தார். அந்த உத்தரவு தெருத்தெருவாக நடக்கிறதா என்று பார்ப்பதும் சக்கர நாற்காலிக்காரரின் வழியைத் திறக்கும் வேலைதான்! சாலைப் பிரச்சினை வேறு, படிப் பிரச்சினை வேறு என்று எண்ணியிருந்தோம். இரண்டும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. சட்டப்படி கேட்கிறோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பொதுக் கட்டடம் என்றால் சர்க்கார் கட்டடம் மட்டுமல்ல. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே. வியாபாரமும் பொழுதுபோக்கும் நடக்கும் இடங்களும் அதில் அடக்கம் என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. ஆக, நாடக அரங்கமும் உள்ளே, ஓட்டலும் உள்ளே!

44ஆம் பிரிவு சொல்கிறது: மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி வரைபடம் இல்லையென்றால் கட்டவே அனுமதி கிடையாது, கட்டி முடித்தாலும் பணிமுடிப்புச் சான்று கிடையாது. 45ஆம் பிரிவு சொல்கிறது: ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும். விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூன் 15. கெடு முடிந்தது 2022 ஜூன். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. இது 89ஆம் பிரிவு.

சட்டம் இத்தனை கறாராக இருந்தும் ஓட்டை எங்கே இருந்தது? விதியில் இருந்தது. சட்டம் “செய்தே தீரவேண்டும்” என்றது. அதன் கீழ் வந்த விதியோ வெறும் பரிந்துரைகளை அடுக்கியது. கண்பார்வையற்ற ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. அந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, மீற முடியாத கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே 19 ஆண்டுகள்! ஒரு மனிதர் 19 ஆண்டுகள் சோர்வில்லாமல் நின்றிருக்கிறார் என்றால், லட்சக்கணக்கில் திரண்டிருக்கும் நாம் எத்தனை செய்யலாம்!

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்குள்ளும் நுழைவதை எவரும் தடுக்கக் கூடாது என்கிறது அது. உணவு விடுதியும் பொழுதுபோக்கு இடமும் ஒரே வரியில் அடுத்தடுத்து! ஏன் அப்படி எழுதினார்கள்? வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வலி அறிந்தவர்கள் எழுதினார்கள். “உனக்குப் பின்வாசல், உனக்குத் தனிக் குவளை” என்ற கேவலத்தை நம் முன்னோர் எதிர்த்து நின்ற நாடு இது. இன்று பலகை மாட்டி யாரும் தடுப்பதில்லை. படி கட்டித் தடுக்கிறார்கள். தடுக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் தடுக்கிறார்கள்! முன்னதைப் போல இதில் பகை இல்லை என்பது உண்மை. ஆனால் வெளியே நிற்பவனுக்கு, பகையால் மூடிய கதவும் மறதியால் மூடிய கதவும் ஒரே கதவுதான்.

“எத்தனை பேர் வருகிறார்கள்?”

முதலாளிமார் கேட்கும் கேள்வி இது. “வருடத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். அதற்காக வாசலை உடைக்கவா?”

வர வழி இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள் ஐயா? கதவைப் பூட்டிவிட்டு, கூட்டமே இல்லை என்று கணக்குக் காட்டுவதா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். இவர்கள் ஓட்டலுக்குத் தனியாகவா வருவார்கள்? குடும்பத்தோடு வருவார்கள். நண்பர்களோடு வருவார்கள். ஒருவர் ஏற முடியாத படியில் நால்வர் திரும்பிப் போகிறார்கள். அன்று நாம் ஐந்து பேர் போனோம். மூன்று ஓட்டல்கள் ஐந்து பேரின் காசை இழந்தன!

சாய்தளம் சக்கர நாற்காலிக்கு மட்டுமா? மூட்டுவலிப் பாட்டிக்கு, நிறைமாதத் தாய்க்கு, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தகப்பனுக்கு, காலில் மாவுக்கட்டோடு வருபவனுக்கு, பாரம் சுமந்து ஏறும் ஓட்டல் தொழிலாளிக்கு, எல்லோருக்கும்தான். இன்று இரண்டு படியைத் தாவி ஏறும் முதலாளியும் ஒருநாள் கிழவராவார்!

செலவும் மலையல்ல. ஒரு படிக்கு, வேண்டும்போது போட்டு எடுக்கும் பலகைச் சாய்தளம் போதும். பத்து மேசையில் ஒன்றில் நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால் போதும். கதவுக்கு 90 சென்டிமீட்டர் அகலம். கழிப்பறைக்குள் நாற்காலி ஒரு வட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கல்லாவுக்கு மேலே தொங்கும் சரவிளக்கின் விலையில் இதில் பாதி முடிந்துவிடும்!

முடியாது என்பவர்கள் மெரினாவுக்குப் போய்ப் பார்க்கட்டும். 2022 நவம்பரில் அங்கே மணல்மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் அலையைத் தொட்டறியாதவர்கள் அன்று தொட்டார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து பாதையைச் சிதைத்தது. திரும்பவும் சரிசெய்தார்கள். சரியும் மணலில் போட முடிந்த பாதையைப் பளிங்குத் தரையில் போட முடியாதா?

சூடான சோறு வந்த கதை

உரிமை தானாக வந்ததில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே 1973இல் சட்டம் வந்தது. அதை நடத்துவதற்கான விதிகள் நான்கு ஆண்டுகளாகியும் கையெழுத்தாகவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் நகரவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டது யார்? கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைக் கட்சித் தோழர்கள்! நாள் தவறாமல் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒரு குழு தலைநகருக்குப் போனபோது ஊர்திக்கு ஏற்பாடு செய்து உதவியது இயந்திரத் தொழிலாளர் சங்கம். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின. 1990 மார்ச்சில், நாடாளுமன்றத்தின் படிக்கட்டுகளில் நாற்காலியை விட்டிறங்கிக் கையால் ஊர்ந்து ஏறிக் காட்டினார்கள். அந்த ஜூலையில் பெரிய சட்டமும் வந்தது.

தோழர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சோறு கொண்டுவந்தவர்களும் வண்டி தந்தவர்களும் சக்கர நாற்காலிக்காரர்கள் அல்ல. தங்கள் போராட்டத்துக்கும் இதற்கும் உள்ள உறவைக் கண்டுகொண்டவர்கள். நமக்கு அந்த உறவு இன்னும் நெருக்கமானது. சாரத்திலிருந்து விழுபவன் யார்? இயந்திரத்தில் காலைக் கொடுப்பவன் யார்? பட்டாசு ஆலையில் கருகுபவன் யார்? தொழிலாளி! நேற்றுவரை நடந்த தொழிலாளிதான் இன்று நாற்காலியில் இருக்கிறான்.

நம் வாசல் எப்படி?

இனி எழுதப்போவது நமக்குக் கசப்பானது. ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

அன்றிரவு மெட்ரோ நிலையத்தில் விடைபெறும்போது தோழரிடம் கேட்டோம்: “சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் வந்து நான்கு வருடமாகிறதே தோழர்! முன்பெல்லாம் ஒரு கூட்டம் தவறமாட்டீர்களே!”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “சங்க ஆபீஸ் மாடியில இல்ல இருக்கு, தோழர். பத்தொன்பது படி.”

பத்தொன்பது! வாரம் தவறாமல் ஏறி இறங்கும் நமக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. அவர் எண்ணி வைத்திருக்கிறார். விபத்துக்குப் பிறகு அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டோம். மனம் உடைந்துவிட்டார் என்று அனுதாபப்பட்டோம். நிதி திரட்டிக் கொடுத்தோம்; பண்டிகைக்குப் போய்ப் பார்த்தோம்; மாலை போட்டோம். கூட்டத்தை மட்டும் கீழே நடத்தத் தோன்றவில்லை. மூன்று படியைப் படி இல்லை என்ற ஓட்டல்காரரைப் பார்த்துச் சிரித்த நாம், பத்தொன்பது படியைப் படி இல்லை என்று நான்கு ஆண்டுகள் எண்ணியிருந்திருக்கிறோம்!

சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடத்தினோம். தோழர் வந்தார். கட்டட வேலைத்தளங்களில் சாரத்தின் பாதுகாப்பு பற்றி இருபது நிமிடம் பேசினார். நான்கு ஆண்டுகளாக நம் கூட்டங்களில் இல்லாமற்போன அறிவு அது. இழந்தவர் அவர் மட்டுமல்ல, நாமும்தான்.

என்ன செய்யலாம்?

ஒன்று: உங்கள் கிளை, உங்கள் சங்கம், உங்கள் படிப்பகம், அதன் படிகளை இன்றே எண்ணுங்கள். மாடியில் இருந்தால் கூட்டத்தைக் கீழே இறக்குங்கள். பொதுக்கூட்ட மேடைக்கும் சாய்தளம் போடுங்கள். கேட்பவர்களுக்கு மட்டுமல்ல, பேசுபவர்களுக்கும் அது வேண்டும்.

இரண்டு: உங்கள் ஊர் அரங்கைச் சுற்றி அரை மைல் தூரத்தில் உள்ள ஓட்டல்களுக்கு ஒரு முழக்கோலோடு போங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதாதீர்கள்; கேட்டால் “மூன்றே மூன்று படிதான்” என்பார்கள்! வாசலில் எத்தனை படி, சாய்தளம் எத்தனை நீளம், கதவு எத்தனை அகலம், நகரும் நாற்காலி உண்டா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா? இந்த ஐந்தையும் அளந்து எழுதுங்கள். போகும்போது சக்கர நாற்காலித் தோழர் ஒருவரைக் கட்டாயம் முன்னால் நிறுத்துங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. பட்டியலை அரங்கின் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

மூன்று: நல்ல ஓட்டலுக்கு நன்றி சொல்லுங்கள், கூட்டமாகப் போய்ச் சாப்பிடுங்கள். குறையுள்ள ஓட்டலிடம் முதலில் பேசுங்கள்; சாய்தளத்தை எப்படிப் போடுவதென்று நம் கொத்தனார் தோழர்களே அளந்து சொல்வார்கள். கேளாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதுங்கள். மனுவில் கோபம் வேண்டாம், அளவு இருக்கட்டும்.

நான்கு: ஓட்டல் தொழிலாளர் தோழர்களே! உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சாய்தளத்தின்மேல் வண்டி நிறுத்த விடாதீர்கள். தூக்குவதற்கு முன் “எங்கே பிடிக்கட்டும்?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் முதலாளியிடம் முதலில் பேசக்கூடியவர்கள் நீங்கள்தான்.

அடுத்த மாதம் அதே அரங்கில் இன்னொரு நாடகம் நடக்க இருக்கிறது. தோழர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று படி ஓட்டலுக்கு அவரே ஒரு சாய்தளத்துக்கு அளவு போட்டு, வரைந்து, நம் கையில் கொடுத்திருக்கிறார். கல்லாக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தார். “முதலாளிகிட்ட சொல்றேன் சார்” என்றார். சொன்னாரா, இல்லையா என்று வரும் வெள்ளிக்கிழமை மறுபடி போய்க் கேட்கப் போகிறோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்போம்.

தோழர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். சாய்தளம் வந்துவிட்டால், அன்று நாடகம் முடிந்ததும் அங்கே உட்கார்ந்து முதலில் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாராம். பிறகுதான் தோசையாம். பிறகுதான் நாடகத்தைப் பற்றிய பேச்சாம்.

அந்தக் கழிப்பறைக் கதவையும் அளந்துகொண்டு வரவேண்டும், தோழர்களே!